எட்டுக்கு ஒன்பது

ஜனவரி 9

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் போனேன். கை வரவில்லை. வரும்போது எழுதிக்கொள்கிறேன்.

நீ பதினொரு தடவை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை. "பாவம், எதுக்குக் கோபம்னே அவனுக்குத் தெரியாது போல" என்கிறார் உன் மாமா. தெரியாதாமே! சரி, தெரிந்துகொள்.

போன மாதம் எங்கள் மேலாளர் கலர் கலக்கும் மெஷினைப் பற்றிக் கேட்க உன்னைக் கூப்பிட்டாரே, என்ன சொன்னாய் அவரிடம்? "மெஷின்ல தப்பு வர வாய்ப்பே இல்ல சார். அது வெறும் கூட்டல் போடுது, அவ்வளவுதான். எங்கக்காவுக்கு நாப்பத்தேழு ஆச்சு. கண்ணைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க. நான் சொன்னா கோவிச்சுக்கும்." ஒரு வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேனா? அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஸ்டோர்காரர். வாசலில் கையெழுத்துக்குக் காத்திருந்த லாரி டிரைவர். ஸ்டோர்காரர் தரையைப் பார்த்தார். அந்த டிரைவர் என் கண்ணைப் பார்த்தார், ஏதோ அதில் ஓட்டை தெரியும் என்பதைப் போல.

இந்த பெயின்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக நான் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அட்டையில் பூசி, காயவைத்து, வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய், மூல அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சரியென்றால் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு பீப்பாய் வெளியே போகாது. எட்டு மாதம் முன்னால் நீ ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்த மெஷின் வந்தது. அதுவரை கலரை நிறுத்துப் போட்ட தராசைத் தூக்கி ஸ்டோரில் போட்டார்கள். நீயும் ஊரைவிட்டுப் போனாய். அதன்பிறகு நாலு தொட்டியை நான் "கலர் தப்பு" என்று நிறுத்தினேன். நாலு தடவையும் மேலாளர் மெஷின் அச்சடித்த சீட்டைக் காட்டினார். கேட்ட அளவு அப்படியே இருந்தது. லாரிகள் நின்றன. பின்னால் சிரித்தார்கள்.

ஐந்தாவது, ஒரு ஆஸ்பத்திரி நடைவழிக்கு அடிக்கக் கேட்ட சாம்பல் நிறம். முதலில் இரண்டு பீப்பாய் கலந்தோம், நன்றாக இருந்தது. அப்புறம் நாலு பீப்பாய். அட்டையை ஜன்னலில் வைத்ததுமே ஒரு முடியளவு கறுப்பு தூக்கலாகத் தெரிந்தது. ஆனால் நீ ஸ்பீக்கரில் பேசி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது அந்த நடைவழியில் பாதி ஒரு சாம்பல், பாதி வேறு சாம்பல். நடுவில் கோடு கிழித்த மாதிரி. மேலாளர் சொன்னார்: "சரியா இருந்தப்போ தப்புன்னீங்க. தப்பா இருந்தப்போ சரின்னீங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?" அவருக்கும் வேறு வழியில்லை. என்னை லேபிள் அறைக்கு மாற்றிவிட்டார். மார்ச் கடைசிவரை பார்த்துவிட்டு, என் வேலையை ஸ்டோர்காரருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்களாம்.

இதுதான் விஷயம். பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்பீக்கரில் போட்டிருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருப்பேனா?

இப்படி எழுதிவிட்டு, உன் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். 'கேட்காது என்று தெரிந்தால் பேசுவாயா?' என்று நீ கேட்பது காதில் விழுகிறது. மன்னித்துக்கொள் அக்கா. பேசியது தப்பு. ஆள் இல்லாத இடத்தில் பேசினது அதைவிடத் தப்பு.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். மெஷின் செய்கிற வேலை மிகச் சின்னது. ஒவ்வொரு 'டக்'குக்கும் பத்தில் ஒரு லிட்டர் கலர் விழும். அது ஒவ்வொரு டக்காகக் கூட்டிக்கொண்டே வரும், கேட்ட அளவை எட்டியதும் நிற்கும். இதில் தப்பு நுழைய இடம் எங்கே? கொடுப்பதற்கு முன்னால் நான் சோதித்தேன். நீயும் பக்கத்தில் இருந்தாய். புள்ளி ஐந்து, அதாவது அரை லிட்டர். நூறு தடவை ஓட்டினேன். நூறு தடவையும் ஐந்தே டக். நீகூட "போதும்டா, காது வலிக்குது" என்றாய்.

அதனால் நான் சொல்வது கண்ணைப் பற்றித்தான் வருகிறது. என்ன செய்ய? இங்கே என்னோடு வேலை செய்கிறவருக்கும் நாற்பத்தைந்தில் கண்ணில் ஏதோ வந்து, ஒரு சின்ன சிகிச்சையில் சரியானது. கண் டாக்டரிடம் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போ.

இங்கே இன்னும் இரண்டு மாதம் எனக்குச் சோதனைக் காலம். அது முடிந்தால்தான் வேலை உறுதி. எங்கள் மேலதிகாரி என்னை எடுத்ததே உங்கள் மெஷினைப் பார்த்துத்தான். உங்கள் மேலாளர் கொடுத்த நல்ல கடிதமும் கூட இருந்தது. அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

போனை எடு அக்கா.

தம்பி


ஜனவரி 31

தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன். போனில் உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். அது உனக்கும் தெரியும்.

கண்ணைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதினாயோ, கடிதத்தைப் படிக்காமல் அடுப்பில் போடுவேன். நீதான் என் கண்ணை நம்பவில்லை. காதையாவது நம்புவாயா?

லேபிள் அறைக்கும் கலக்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் யார் தும்மினாலும் இந்தப் பக்கம் தெரியும். மெஷின் டக் டக் என்று அடிப்பது என் முதுகுக்குப் பின்னாலேயே கேட்கும். அது முடிந்த கொஞ்ச நேரத்தில் சீட்டு என் கைக்கு வரும், பீப்பாயில் ஒட்டுவதற்கு. கை வேலை செய்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். முதல் நாள், சீட்டுப்படி பத்து டக் வர வேண்டிய இடத்தில் நான் எண்ணியது பதினொன்று. நான்தான் கவனம் சிதறிவிட்டேன் என்று நினைத்தேன். கண் போச்சு, இப்ப காதுமா? மறுநாளிலிருந்து ஒவ்வொரு டக்குக்கும் ஒரு லேபிளை எடுத்துத் தனியாக வைத்தேன். லேபிள் பொய் சொல்லாது இல்லையா?

எட்டு நாள் எண்ணியதைக் கீழே எழுதியிருக்கிறேன். சீட்டில் இருந்தது முதலில், என் லேபிள் கணக்கு அடுத்தது.

0.5 லிட்டர். ஐந்து.
0.8. ஒன்பது.
1.5. பதினைந்து.
1.0. பதினொன்று.
0.7. ஏழு.
1.1. பன்னிரண்டு.
1.2. அதுவும் பன்னிரண்டு!
0.9. பத்து.
மறுபடி 0.8. மறுபடி ஒன்பது.

சின்ன அளவெல்லாம் சரி. பெரிய அளவும் சரி. நடுவில் எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் மட்டும் ஒன்று கூட விழுகிறது. இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமான தப்பை நான் கற்பனை செய்ய முடியுமா? எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் லேபிள் ஒட்டுகிறேன்?

நான் முன்னால் நிறுத்திய நாலு தொட்டியின் அளவையும் பழைய நோட்டில் தேடினேன். 0.9, 1.0, 0.8, 1.1. நடைவழிச் சாம்பலில் முதல் இரண்டு பீப்பாய்க்குக் கறுப்பு 0.4. அடுத்த நாலு பீப்பாய்க்கு 0.8.

இப்போது சொல், யாருக்குக் கண் காட்ட வேண்டும்?

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எண்ணியது சரி. ஒவ்வொன்றும் சரி.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. 'தகரச் சுவரில் எதிரொலி கேட்டிருக்கும்' என்று பதில்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன், இந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் 1.1-க்கும் பன்னிரண்டு, 1.2-க்கும் பன்னிரண்டு என்று நீ எழுதியிருந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எதிரொலி என்றால் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டுமே. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய ப்ரோக்ராமைத் திறந்து, ஒவ்வொரு டக்குக்கும் அது மனசுக்குள் என்ன கூட்டி வைத்திருக்கிறது என்று முழுதாக அச்சடித்துப் பார்த்தேன். எட்டாவது டக்கில் 0.8 இல்லை. 0.7999999999999999 என்று நின்றது.

எப்படி என்று சொல்கிறேன். அரை, கால், அரைக்கால், வீசம் இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டருக்கு அப்படிப் பாதி பாதியாகப் பிரிக்கத்தான் தெரியும். அந்தத் துண்டுகளைக் கூட்டி நீ பத்தில் ஒன்றைச் செய்து பார். எத்தனை துண்டு போட்டாலும் பக்கத்தில் வரும், போய்ச் சேராது. அதனால் எங்கோ ஒரு இடத்தில் போதும் என்று வெட்டிவிடும். அந்த வெட்டின பத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கூட்டினால், கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் கடைசி இலக்கத்தை மறுபடி வெட்டும். சில இடத்தில் அந்த மிச்சம் மேலே போகும், சில இடத்தில் கீழே இறங்கும், சில இடத்தில் தற்செயலாகச் சரியாக உட்காரும். ஏழு வரைக்கும் அதிர்ஷ்டம். எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் துளி குறைவு. பன்னிரண்டில் மறுபடி சமாளித்துவிடுகிறது. குறைவு என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு கொசு அழுதால் வருகிற கண்ணீர்கூட இல்லை. ஆனால் நான் எழுதியது என்ன? 'கேட்ட அளவை எட்டவில்லையென்றால் இன்னும் ஒரு டக் போடு.' அது கீழ்ப்படிந்திருக்கிறது.

நான் நூறு தடவை சோதித்தது அரை லிட்டர். அதில் இந்தத் தப்பு வரவே வராது. நூறு தடவை ஒரே கதவைத் தட்டிவிட்டு வீடு முழுக்கப் பூட்டியிருக்கிறது என்று சொன்னவன் நான்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்ட அளவைத்தான் சீட்டில் அச்சடிக்கச் சொல்லியிருந்தேன், விழுந்த அளவை அல்ல. அதனால்தான் அது எப்போதும் சரியாக இருந்தது.

இதற்கென்றே தசம எண் வகை என்று ஒன்று இருக்கிறது. நாம் தாளில் எழுதுகிற மாதிரியே பத்துப் பத்தாக, வேண்டிய இலக்கம் வரைக்கும் வைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்று என்றால் அதில் பத்தில் ஒன்றேதான். அப்போதே எனக்குத் தெரியும். கொஞ்சம் மெதுவாக ஓடும், இந்த டக் டக்குக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் அதில் மாற்றி எழுதிவிட்டேன். இங்கிருந்தே அனுப்பிவிடலாம். திங்கட்கிழமை மெஷினைப் போட்டதும் அப்டேட் கேட்கும், ஸ்டோர்காரர் 'சரி' அமுக்கினால் போதும். அதோடு உனக்காக ஒரு வசதியும் சேர்த்திருக்கிறேன். ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு, எத்தனை பீப்பாய் என்று கொடுத்தால் அதுவே பெருக்கிக்கொள்ளும். நீ நோட்டில் பெருக்க வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். கோபப்படாதே. இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். மெஷின் சரியாகிவிடும், கலர் சரியாகிவிடும், கொஞ்ச நாளில் உன்னைத் தானாகவே திரும்பக் கூப்பிடுவார்கள். என் வேலை உறுதியாக இன்னும் ஒரே மாதம்தான். மார்ச் பத்து. அதுவரைக்கும் மட்டும்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

உன் புது வசதி வந்தது. நல்லா இருக்கு உன் வசதி!

போன புதன்கிழமை ஒரு பச்சை. அதில் நீலம் மூன்று பீப்பாய்க்கு ஒரு லிட்டர். என் நோட்டில் எப்போதும் மூன்றில் ஒன்று என்றுதான் இருக்கும், மேலே ஒன்று, கோடு, கீழே மூன்று. நீ மெஷின் கொண்டுவந்த அன்றே அதைப் பார்த்துச் சிரித்தாய். "இந்தக் காலத்துல யாருக்கா பின்னம் எழுதுறாங்க? புள்ளி வைச்சு எழுதுக்கா." நான் எழுத மாட்டேன் என்றேன். புள்ளி மூன்று மூன்று மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது மூன்றில் ஒன்று இல்லை என்றேன். ஞாபகம் இருக்கிறதா?

ஸ்டோர்காரர் மெஷின் திரையில் 'ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு' என்ற இடத்தில் ஒன்றை மூன்றால் வகுத்தார், மூன்று பீப்பாய் என்று கொடுத்தார். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் லேபிளை எடுத்து வைத்தேன். ஒன்பது. போன மாதம் பத்துக்குப் பதினொன்று அடித்தது. இந்த மாதம் பத்துக்கு ஒன்பது அடிக்கிறது. உன் அப்டேட்டுக்கு மாலை போட்டு வரவேற்கவா?

சிரிப்பு இதோடு முடிந்தது. இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

நீ 'தானாகவே கூப்பிடுவார்கள்' என்கிறாய். எப்படிக் கூப்பிடுவார்கள்? ஸ்டோர்காரர் கையில் எல்லாக் கலரும் சரியாக வரும். அந்த அம்மா இருந்தவரைக்கும்தான் தகராறு, போனதும் சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். மெஷினை நீ திருத்திவிடுவாய். என் பேரை யார் திருத்துவது?

இந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. சாலையைக் கடக்கும்போது விளக்கு பச்சைதானா என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் நிற்கிறவர் நகர்ந்த பிறகுதான் நகர்கிறேன். சட்டைக்குப் பட்டன் தைக்க நூல் எடுத்தால் உன் மாமாவிடம் கொண்டுபோய், "இது அதே நீலம்தானே?" என்று கேட்கிறேன். அவர் "ஆமா" என்பார். அவருக்குக் கறுப்புக்கும் கருநீலத்துக்குமே வித்தியாசம் தெரியாது. அவரிடம் போய்க் கேட்கிறேன் பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

உன் வேலை முக்கியம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அது போனால் எனக்கும் தூக்கம் வராது. ஆனால் நீ என்னைப் பற்றிச் சொன்னது மேஜை நடுவில், மூன்று பேர் கேட்க. அதைத் திரும்ப எடுப்பது மட்டும் எப்படி ரகசியமாக நடக்கும்?

நானே மேலாளரிடம் இந்த லேபிள் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டலாம். உன் கடிதத்தையும் காட்டலாம், நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போனேன். உன்னை நான் காட்டிக்கொடுத்ததாக ஆகக் கூடாது. நீயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

முதலில் பச்சை. தசம எண் வகையில் இருபத்தெட்டு இலக்கம் வைத்திருந்தேன். மூன்றில் ஒன்று அதில் இருபத்தெட்டு மூன்றுகள். மூன்றால் பெருக்கினால் ஒன்று வராது, இருபத்தெட்டு ஒன்பதுகள் வரும். அதை டக் கணக்காக்கி, மிச்சத்தை வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். பத்து ஆக வேண்டியது ஒன்பது ஆகிவிட்டது. இலக்கத்தை நூறாக்கினாலும் ஆயிரமாக்கினாலும் இதே கதைதான். எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது மூன்றில் ஒன்று இல்லை என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான் சிரித்தேன்.

இப்போது உன் நோட்டு மாதிரியே எழுதியிருக்கிறேன். மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண், நடுவில் கோடு. பின்ன வகை என்று ஒன்று இருக்கிறது, அது அப்படியே வைத்துக்கொள்ளும். எண் எவ்வளவு நீளமானாலும் சுருக்காது, எதையும் வெட்டாது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு தடவைதான் டக் கணக்காக மாற்றும். அதையும் கிட்டத்தில் இருக்கிற முழு எண்ணுக்கு மாற்றும், வெட்டாது. ஒன்று முதல் ஐந்நூறு டக் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்தேன். சீட்டில் இனி இரண்டு வரி வரும், கேட்டது, விழுந்தது. அரை லிட்டரை நம்புகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அப்புறம் மற்றது. உங்கள் மேலாளருக்கு இன்று எழுதிவிட்டேன். நீ படித்தால்தான் எனக்கு நிம்மதி என்பதால் அதையே கீழே கொடுக்கிறேன்.

'ஐயா, நான் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராம், 0.8, 0.9, 1.0, 1.1 ஆகிய அளவுகளுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு டக் அதிகமாகப் போட்டு வந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அந்த நாட்களில் என் அக்கா நிறுத்திய நாலு தொட்டிகளும் உண்மையிலேயே தவறான கலர்தான். மெஷினின் சீட்டில் தெரியாத தப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தொலைபேசியில் அவர் கண்ணைக் குறை சொன்னேன். அன்று அந்த அறையில் இருந்த எல்லாரையும் ஒருமுறை கூப்பிட்டு, இதை அவர்கள் முன்னால் சத்தமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். லாரி டிரைவரையும் சேர்த்து. ஸ்டோரில் கிடக்கும் தராசைத் திரும்ப எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள்.'

இங்கே என் மேலதிகாரியிடமும் நேரில் சொல்லிவிட்டேன். இந்த மெஷினைக் காட்டித்தான் வேலைக்கு வந்தேன், அதில் இப்படி ஒரு தப்பு இருந்தது என்று. ப்ரோக்ராமை அனுப்பு, பார்க்கிறேன் என்றார். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று மத்தியானம் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள சுண்டுவுக்கு,

வாசித்தார்கள்டா. மேலாளர் எழுந்து நின்று வாசித்தார். ஸ்டோர்காரர் இருந்தார். அந்த லாரி டிரைவர் வேறு ஊருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார், அவர் வருகிறவரை இரண்டு நாள் காத்திருந்தார்கள். உன் பிடிவாதம் மேலாளருக்கும் தொற்றிக்கொண்டது போல. 'அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது' என்ற இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த டிரைவர் சொன்னார்: "அன்னைக்கே நினைச்சேம்மா, இவங்க பார்த்தா தப்பாது, சீட்டுலதான் ஏதோ இருக்குன்னு." பச்சைப் பொய். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

மேலாளர் என்னிடம், "நான் சீட்டை நம்பிட்டேன்" என்றார். "நானும் சார்" என்றேன். அது உண்மை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன். ஒரு டக் கூட விழுந்தது உன் தப்பு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. நடைவழியை நானே போய்ப் பார்க்கிறேன், சரியான சாம்பலைக் கொடுத்துப் பூசித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

போனால், அங்கே இருந்த நர்ஸ் அம்மா "ஐயோ, அந்தக் கோட்டை எடுத்துடாதீங்க" என்கிறாள்! ஆபரேஷன் முடிந்தவர்களை அந்த வழியாகத்தான் நடக்கப் பழக்குகிறார்களாம். "அந்தக் கலர் மாறுற இடம் வரைக்கும் நடந்தாப் போதும், பாதி ஆச்சு" என்று சொல்லித்தான் நடக்கவைக்கிறாளாம். நான் நிற்கும்போதே ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தக் கோட்டைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினார். நடைவழி முழுக்க எட்டு டக் சாம்பலைப் பூசி, அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்பது டக் சாம்பலை விட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இதைக் கேட்டு உடனே பெருமைப்படாதே. தப்பு தப்புதான்.

உன் பின்னம் நன்றாக வேலை செய்கிறது. மூன்றில் ஒன்று, மூன்று பீப்பாய், பத்து டக். தராசிலும் வைத்துப் பார்த்தோம். நேற்றிலிருந்து வடக்கு ஜன்னலில் இருக்கிறேன்.

இன்னொன்று. யாரும் சொல்லாமலே கண் டாக்டரிடம் போனேன். நிறம் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லையாம். ஆனால் படிக்கக் கண்ணாடி வேண்டுமாம். இந்தக் கடிதம் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ சொன்னதிலும் கால்வாசி உண்மை இருந்தது, போ.

இத்தோடு இரண்டு சின்ன அட்டை வைத்திருக்கிறேன். ஒன்று எட்டு, ஒன்று ஒன்பது. போன் திரையில் கலர் ஒழுங்காகத் தெரியாது, அதனால்தான் தபாலில். எது எது என்று நான் குறிக்கவில்லை. பார்த்துச் சொல்.

உன் வேலை என்ன ஆயிற்று? முதலில் அதை எழுது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை போகவில்லை. சோதனைக் காலத்தை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, "யார் இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். எங்கக்கா என்றேன். எப்படி என்றார். லேபிளை எடுத்து வைத்து என்றேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே எல்லாருடைய ப்ரோக்ராமையும் ஒன்றிலிருந்து ஐந்நூறு வரைக்கும் ஓட்டிப் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். இதுவரைக்கும் இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள்.

அட்டைகள் வந்து மூன்று நாள் ஆகிறது. ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், சாய்த்து, திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

இரண்டையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். எது எட்டு என்று நீயே பின்னால் எழுதி அனுப்பு. என் மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன். நீ எட்டு என்றால் அது எட்டு.

சுண்டு